பஞ்சு வைக்காத டப்பா

அடி கோட்டிக்காரி, பைத்தியமே,

இன்று காலை நாங்குநேரியிலிருந்து பாளையங்கோட்டை போகும் பஸ்ஸில் என் கைப்பைக்குள் இருந்த மாத்திரை டப்பா குலுங்க ஆரம்பித்தது. உள்ளே மூன்றே மூன்று மாத்திரைதான் மிச்சம். புதிது வாங்கப் போகும்போது மிச்சத்தையும் கொண்டுபோய் எண்ணிக் காட்ட வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? டிரைவர் ரோட்டில் ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த மூன்றும் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டன. பக்கத்தில் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு முறை என் பையைப் பார்த்தார். மூன்றாவது முறை கேட்டே விட்டார். "என்ன மாத்திரம்மா அது, இந்தச் சத்தம் போடுது?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். அதற்கு முன்னால் உன்னிடம் பேச நிறைய இருக்கிறது, முக்கால்வாசியும் திட்டுதான். எட்டு மாதமாக அடக்கி வைத்திருக்கிறேன். செத்துப்போனவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். அதெல்லாம் ஒழுங்காகச் செத்தவர்களுக்கு.

டப்பாவுக்குப் பஞ்சு வைக்கக் கற்றுக்கொடுத்தவளே நீதான். எச்.ஐ.வி. என்று தெரிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து கொடுக்கிற அறையிலிருந்து நான் முதன்முதலாக வெளியே வந்த நாள். கையில் அட்டைப் பெட்டி, கண்ணில் தண்ணீர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "இந்தப் பெட்டியோடயே வீட்டுக்குப் போவியாக்கும்? கொண்டா இங்கன." அட்டையைக் கிழித்து வாசல் குப்பைத்தொட்டியில் போட்டாய். அந்தத் தொட்டியில் அன்று நம்முடையதைப் போல ஐம்பது அறுபது அட்டைகள் கிடந்தன. குழாயடியில் டப்பாவை நனைத்து, ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினாய். உன் பையிலிருந்து பஞ்சை எடுத்து உள்ளே திணித்து மூடியைத் திருகி என் காதருகே குலுக்கிக் காட்டினாய். சத்தமே இல்லை.

"இதான்ட்டி மொத்தப் படிப்பும். டாக்டர் சொல்லுததெல்லாம் பெறவு."

உன் நகமெல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. பேட்டையில் பீரோ பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற வேலை என்று சொன்னாய். வீட்டுக்காரர் போன பிறகு அண்ணன் வீட்டில் இருப்பதாகவும், அண்ணனுக்கும் மதினிக்கும் உன் நோய் தெரியாது என்றும் சொன்னாய். பட்டறை அண்ணாச்சி கீறல் விழுந்த ஒரு சின்ன பீரோவை உனக்கே கொடுத்திருந்தார். அதன் லாக்கரில் மாத்திரை, அதன் சாவி உன் இடுப்பில். நான் நாங்குநேரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் டைப் அடிக்கிறவள் என்றேன். எனக்கு நோய் எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை, உனக்கு எப்படி என்று நானும் கேட்கவில்லை. அந்த பெஞ்சின் மரியாதை அது.

இரண்டு பேருக்கும் எப்படிப் பழக்கம் என்று மதினி கேட்டபோது, நீ கொஞ்சமும் யோசிக்காமல் "தையல் கிளாஸ்" என்றாய். எதற்கடி தையல்? டைப்பிங் கிளாஸ் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அடுத்த முறை நான் வந்தபோது மதினி ஒரு ரவிக்கைத் துணியை நீட்டி, "கையில மட்டும் ரெண்டு தையல் போட்டுத் தாயேன்" என்றாள். நான் ஊசியைப் பிடித்துக்கொண்டு, எச்சில் தொட்டு எச்சில் தொட்டு, நூல் கோக்க முடியாமல் வேர்த்துக் கொட்டினேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தாய். முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அந்த மதினியோடுதான் நாம் திருச்செந்தூர் போனோம். கடற்கரையில் நம் பெஞ்சுக்காரர் ஒருவர் குடும்பத்தோடு எதிரே வந்தார். வெளியில் பார்த்தால் தெரியாதவர் மாதிரிப் போய்விட வேண்டும் என்பது நம் வழக்கம். அவர் கோபுரத்தைப் பார்த்தார், நாம் கடலைப் பார்த்தோம். "பாவம் மனுசன். நம்மளப் பாத்த பயத்துல வந்த வேண்டுதலையே மறந்திருப்பாரு" என்று என் காதில் சொன்னாய். மதினி கொண்டு வந்த செம்புத் தண்ணீரை மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். அவளுக்குத் தெரிந்திருந்தால் இந்தச் செம்பு நமக்குக் கிடைக்குமா என்று திரும்பி வரும் வழியில் என் காதோடு கேட்டாய்.

இத்தனை கள்ளத்தனம் செய்தவள் மாத்திரை விஷயத்தில் மட்டும் போலீஸ்காரி. யாராவது இரண்டு நாள் விட்டுவிட்டேன் என்று பெஞ்சில் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "நீரு ஒரு நாளு தூங்கினா அது உள்ள முழிச்சிக்கிடும்வே" என்று வயசான ஆட்களைக்கூட விடமாட்டாய். பழைய மாத்திரை தலையைச் சுற்றும் என்பதால் ராத்திரி சாப்பிட்டோம். புது மாத்திரை வந்ததும் காலை எட்டரைக்கு மாற்றிக்கொண்டோம். உன் எட்டரை ஒரு நாளும் எட்டு முப்பத்தைந்து ஆனதில்லை. அப்படிப்பட்டவள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். உன்னைத் திட்ட எனக்கு உரிமை வேண்டுமானால் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஜங்ஷன் ஓட்டலில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாய். காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், விடிவதற்குள் போர்வை பிழிகிற அளவுக்கு வேர்வை, எடையும் குறைந்திருந்தது. ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. கட்டியையே வெட்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினாய்.

பெரிய டாக்டர் மாதிரி நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "எனக்கு வந்துதுல்லா, அதேதான்ட்டி இது. டிபி. நம்ம ஆளுகளுக்குக் கழுத்துல கட்டி வந்தா டிபிதான். ஆறு மாசம் மாத்திரை தின்னா பைய வத்திப் போகும். என் தழும்பப் பாரு, இத மறைக்க வெயில் காலத்துலயும் கழுத்து மூடுத ரவிக்கை போடுதேன். நீ போயி வெட்டிக்கிட்டு வந்து நின்னா மதினி கேக்க மாட்டாளா?"

நீ சீட்டை நான்காக மடித்துப் பையின் அடியில் போட்டாய். வெட்டுவதற்கு வீட்டில் சம்மதிக்கவில்லை என்று டாக்டரிடம் போய்ச் சொன்னாய். அவர் அரை மனசோடு டிபி மாத்திரை ஆரம்பித்து, கட்டி குறையாவிட்டால் உடனே வரச் சொன்னார். குறையவில்லை. குறைந்திருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னாய், கொஞ்ச நாள் ஆகும் என்று நான் உன்னிடம் சொல்லியிருந்தேனே, அதனால். மூன்றரை மாதம் போனது. நெல்லிக்காய் எலுமிச்சை ஆனது, அக்குளில் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகுதான் வெட்டிப் பார்த்தார்கள். அந்த மூன்றரை மாதத்தில் பாதி என் கணக்கு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நிணநீர் முடிச்சில் வரும் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய்களைச் சேர்ந்தது என்று டாக்டர் சொன்னார். நீ அழவில்லை. சண்டைக்குப் போனாய். "நான் ஒரு நாளுகூட மாத்திரைய விட்டதில்ல டாக்டர். எனக்கு எப்பிடி வரும்?" அவர் பொறுமையாகச் சொன்னார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்தப் புற்று மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குறைவு, ஆனாலும் சிலருக்கு வந்துவிடுகிறது. காய்ச்சல், வேர்வை, மெலிவு எல்லாம் டிபி மாதிரியேதான் இருக்கும், வெட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் அந்த பெஞ்சுக்கு எதிரே சுவரில் சத்துணவுப் படம் ஒட்டியிருந்தது, டிபி படம் ஒட்டியிருந்தது. இதற்கென்று ஒரு துண்டுக் காகிதத்தையாவது நாம் பார்த்திருப்போமா? பார்த்திருந்தால் அன்று ஓட்டலில் நான் வாயை மூடிக்கொண்டு தோசையைத் தின்றிருப்பேன்.

டாக்டர் கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கீமோவும் ஏறணும், கூட்டு மருந்தும் நிக்கக் கூடாது. ரெண்டும் சேந்து போனா, மத்தவங்களுக்குக் குணமாகுற மாதிரி உங்களுக்கும் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கும்மா." நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ தலையை ஆட்டினாய். நன்றாக ஆட்டினாய்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவே முடியாதது. உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பேட்டையே திரண்டு வந்தது. பட்டறை அண்ணாச்சி ஆப்பிள் வாங்கி வந்தார். எதிர்வீட்டுக்காரி ஹார்லிக்ஸ் கொண்டு வந்தாள். உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நீ பாதி ஆப்பிளைக் கடித்துவிட்டுக் கொடுத்தால் மீதியை வாங்கித் தின்றார்கள். நான் வந்தபோது தலையணையில் சாய்ந்துகொண்டு மகாராணி மாதிரி இருந்தாய். எல்லோரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாய்.

"ஏட்டி, எனக்கு வந்ததுலயே இதான் நல்ல சீக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்போதே உன்னை உலுக்கியிருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக நீ வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு நோய் உனக்குக் கிடைத்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள உனக்கு மனசில்லை. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது, சவம், புரிந்து என்ன செய்ய?

கீமோ ஏறிய மூன்று மாதமும் வார்டுதான். வார்டில் பீரோ ஏது? லாக்கர் ஏது? கட்டிலுக்கு அடியில் ஒரு பை, கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து மதினி. டாக்டரிடமும் நர்ஸிடமும் நீ முதல் நாளே கெஞ்சிச் சொல்லிவிட்டாய், மதினி இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று. அவர்களும் எடுக்கவில்லை. நர்ஸ் குனிந்து மெதுவாக "மாத்திர போட்டாச்சா?" என்று கேட்டால், "ஆச்சு" என்பாய். மதினி இருந்ததால் நானும் நேராகக் கேட்க முடியவில்லை. பழைய பொய்யை வைத்தே கேட்டேன். "தையல் ஒழுங்கா நடக்குதா?"

"தெனமும் தைக்கேன்" என்றாய்.

தைத்தாயாடி? மனசைத் தொட்டுச் சொல், தைத்தாயா?

ஒரே ஒரு முறை உண்மை உன் வாயில் பாதி வந்தது. மதினி குளிக்கப் போயிருந்தாள். "இவ எப்ப போவா, எப்ப வருவான்னே தெரியல. காலைல ஃபிளாஸ்க்கத் தூக்கிக்கிட்டு வெளிய போறா, சட்டுனு வந்து நிக்கா. ஒரு மாத்திரையப் பிரிச்சு வாயில போட முடியல" என்று முணுமுணுத்தாய். நான் திடுக்கிட்டுப் பார்த்ததும், "அதெல்லாம் போட்டுருதேன், சும்மா சொன்னேன்" என்று பேச்சை மாற்றிவிட்டாய். நான் நம்பினேன். மற்றவர்களை மிரட்டி மாத்திரை சாப்பிட வைத்தவள், தான் சாப்பிடாமல் இருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

கீமோ கழலையைக் கரைத்தது. கழுத்து பழைய கழுத்தாகவே ஆகிவிட்டது. முடி கொட்டியதற்கு, "எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்றாய். நான்காவது கீமோ முடிந்த வாரத்தில் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வந்தது. ஐந்து நாளில் முடிந்துவிட்டது. உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் டைப் அடித்தேன். படம் நீயே எடுத்து வைத்திருந்தது, திருச்செந்தூரில் காற்றில் முடி பறக்க நிற்பது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாமல் அடித்துக் கொடுத்தேன், போதுமா?

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, மதினி என்னை உள்ளே கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தப் பையை என் மடியில் வைத்தாள். உள்ளே, வார்டில் சேரும் முன் மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கிய மூன்று டப்பா. இரண்டு பிரிக்கப்படவே இல்லை. ஒன்று பிரித்தது, தாள் சுரண்டியது, மேலே பஞ்சு. பஞ்சை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாறு மாத்திரைதான் குறைந்திருந்தது. மூன்று மாதத்தில் ஐந்தாறு.

அப்போதும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "என்னது மதினி இது, விட்டமினா?"

"போதும்ட்டி" என்றாள் மதினி. "தையல் கிளாஸ்ல படிச்சவளுக்கு ஊசில நூலு கோக்கத் தெரியல. அன்னைக்கே நீ யாருன்னு தெரிஞ்சு போச்சு. அவ சங்கதி அதுக்கும் முன்னாடியே தெரியும். அவ வீட்டுக்காரரு எதுல போனாருன்னு எனக்குத் தெரியாதா?"

"பெறவு ஏன் மதினி ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா வீட்ட விட்டுப் போயிருவா. ரோசக்காரி. அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். ஆஸ்பத்திரில தெனமும் எட்டரைக்கு ஃபிளாஸ்க்க எடுத்துக்கிட்டு வெளிய போயி நிப்பேன், அவ மாத்திரை போட்டுக்கிடட்டும்னு. இருவது நிமிசம் வராண்டால நிப்பேன். வெந்நி வாங்க இருவது நிமிசமா ஆகும்? அதுகூடவா அந்தக் கோட்டிக்குத் தெரியல?"

சொல்லிவிட்டு மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் உனக்காக வெளியே போய் நின்றிருக்கிறாள். நீ அவள் எந்த நிமிஷமும் வந்துவிடுவாள் என்று டப்பாவைத் தொடாமல் உள்ளே படுத்திருக்கிறாய். நடுவில் ஒரு கதவு. திருச்செந்தூரில் அவள் தெரிந்தேதான் அந்தச் செம்பில் வாய் வைத்துக் குடித்தாள், தெரியுமா உனக்கு? உங்கள் இரண்டு பேரையும் என்ன செய்தால் தகும்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பிறகு ஒரு நாள் டாக்டரிடம் போய்க் கேட்டேன். மாத்திரையை விடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா? முன்பே வெட்டிப் பார்த்திருந்தால்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு கூடியிருக்கும்" என்றார். இந்த பதிலை வைத்துக்கொண்டு நான் உன்னை முழுசாகத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அந்தப் பதினாறாம் நாள் நான் கிளம்பும்போது மதினி ஒன்று கேட்டாள். "உன் மாத்திரை எத்தன மணிக்கு?" எட்டரை என்றேன். மறுநாள் எட்டரைக்கு போன் வந்தது. "போட்டியா?" போட்டேன் என்றால் நம்ப மாட்டாள். "ஆச்சுன்னு சொல்லித்தான் ஒருத்தி என்ன ஏமாத்திட்டுப் போனா. நான் கேக்க முழுங்கு" என்பாள். தினமும் போனைக் காதில் வைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்க வேண்டும். பெரிய தொல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. அச்சகத்தில் இருந்தாலும் சரி, கல்யாண வீட்டில் இருந்தாலும் சரி. நீ விட்டுப்போன தொல்லை, நான் சுமக்கிறேன்.

இன்று அந்த பஸ்ஸில் பூக்கூடை அம்மா கேட்டு வாய் மூடவில்லை, என் போன் அடித்தது. எட்டரை. "போட்டியா?" என்று மதினி. பஸ்ஸில் இருக்கிறேன், இறங்கிப் போடுகிறேன் என்றேன். "இறங்கின பெறவு எட்டரை இருக்குமா? போடுட்டி" என்று கத்தினாள். பூக்கூடை அம்மாவுக்கே கேட்டிருக்கும். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தேன். தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சத்து மாத்திரை என்று சொல்ல வாய் தானாகக் குவிந்தது. பத்து வருஷப் பழக்கம். ஆனால் வரவில்லை. முழு உண்மையும் வரவில்லை, அதற்கு எனக்கு இன்னும் தைரியம் பற்றாது. "தெனமும் போடுத மாத்திரை. விட்டா செத்துருவேன்" என்றேன்.

அந்த அம்மா என்ன நோய் என்று கேட்கவில்லை. கூடைக்குள் கைவிட்டு, பூவுக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். நான் அண்ணாந்து குடிக்கப் போனேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கித் தண்ணீர் மூக்கில் ஏறியது.

"வாய் வச்சே குடிம்மா, குலுங்குதுல்லா" என்றார்.

வாய் வைத்துக் குடித்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்ததும் அவரும் இரண்டு மடக்கு குடித்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார். போனில் மதினி, "முழுங்கிட்டியா?" என்றாள். முழுங்கிட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகு டப்பாவில் இரண்டுதான். சத்தம் இன்னும் கூடிவிட்டது. பையில் பஞ்சு இருந்தது, நான் வைக்கவில்லை. உன் டப்பாவை மதினி என் மடியில் வைத்த அன்று அதைக் காதருகே குலுக்கிப் பார்த்தேன், நீ எனக்குக் காட்டினாயே, அதே மாதிரி. ஒரு சத்தமும் வரவில்லை. பஞ்சு வைத்ததால் இல்லையடி. பஞ்சை எடுத்த பிறகும் வரவில்லை. அவ்வளவு நிறைய இருந்தது.